பாட்டுப்படமும் அதன் முதல் அவையும்

(சங்கத்தின் வெள்ளிவிழாவையொட்டி நடைபெற்ற மாணவர் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் பயிலும் நம் மாணவர்கள் ஒன்றுகூடி, இவ்வெள்ளிவிழா ஆண்டின் நினைவாக ஒரு பாட்டுப்படம் எடுக்க முனைந்திருக்கிறார்கள். பாட்டைத் தாங்களே கட்டி, இசையமைத்து, செல்பேசியிலேயே படம் பிடித்து, ஐந்து நிமிடத்திற்குள் அடங்கும் ஒரு காணொளியாக வெளியிட எண்ணியுள்ளனர். படத்தை எப்படி எடுப்பது என்பதை என்னைவிட அவர்கள் நன்கறிவர். எடுத்த படத்தை யாரிடம் முதலில் காட்டுவது, அவர்கள் சொல்வதை எப்படிக் கேட்பது, கேட்டபின் படத்தில் எதை மாற்றுவது, எதை மாற்றாதிருப்பது என்பவை பற்றியே பேசுமாறு நிர்வாகிகள் என்னைப் பணித்தனர்.

கல்விச் சங்கத்தின் மேடையில் பாட்டுக்கும் படத்திற்கும் என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். திண்டிவனத்து மிஷன் பள்ளியில் பயின்ற ஒரு சிறுவர் பின்னாளில் சுவாமி சகஜானந்தராகி, 1916-இல் சிதம்பரத்தில் நந்தனார் கல்விக் கழகத்தை நிறுவி, நம் பிள்ளைகள் ஆயிரக்கணக்கானோர்க்கு எழுத்தறிவித்தார். அவர் காலத்தில் ஏடும் எழுதுகோலும் நமக்கு மறுக்கப்பட்ட கருவிகள். இன்றோ ஏடும் எழுதுகோலும் ஓரளவு நம் கைக்கு வந்துவிட்டன. ஆயினும், நம்மைப் பற்றிய காட்சிகளைப் பெரும்பாலும் பிறரே தீட்டுகின்றனர். திரையில் நாம் எவ்வாறு நிற்கிறோம், என்ன பேசுகிறோம், யார் முன் குனிகிறோம் என்பதையெல்லாம் நெடுங்காலம் பிறரே முடிவு செய்து வந்தனர். அதை நாமே முடிவு செய்யக் கற்பதும் கல்வியே. அக்கல்வியின் முதற்பாடம் நம்மவர் சொல்வதைச் செவிமடுப்பது.

இது நமக்குப் புதிய பழக்கமன்று. பண்டிதர் அயோத்திதாசர் 1907 ஜூன் 19-ஆம் நாள் சென்னை இராயப்பேட்டையிலிருந்து ஒரு வார இதழைத் தொடங்கினார். அதற்கு அவர் சூட்டிய பெயர் 'ஒரு பைசாத் தமிழன்'. ஓராண்டு கழிந்தபின், வாசகர்களின் வேண்டுகோளை ஏற்று, 1908 ஆகஸ்டு முதல் 'தமிழன்' என்று பெயரை மாற்றினார். பெரும்புலவரான அவர், தாம் வைத்த பெயரைப் படிப்பவர்களின் விருப்பத்திற்காக மாற்றிக்கொள்ளத் தயங்கவில்லை. அவ்விதழில் வாசகர் வினா எழுப்புவதும் பண்டிதர் விடையளிப்பதும் தொடர்ந்து நடந்தன.

அதே தலைமுறையில் இன்னொரு நிகழ்ச்சியையும் நினைவுகூர வேண்டும். இரட்டைமலை சீனிவாசனார் 1893-இல் 'பறையன்' என்னும் பெயரிலேயே ஓர் இதழைத் தொடங்கினார். இகழ்ச்சியாக வீசப்பட்ட பெயரை ஒளிக்காமல், அதே பெயருடன் நிமிர்ந்து நின்று உரிமை கேட்க வேண்டும் என்பது அவர் கொள்கை. பண்டிதரோ அப்பெயரை ஏற்கவில்லை. அது பிறர் நம்மேல் சுமத்திய பெயர், அதை நாமே சுமக்கலாகாது என்பது அவர் கொள்கை. இருவரும் நம் பெருமக்கள். இருவரும் நம் விடுதலைக்கே உழைத்தவர்கள். ஒரு சொல்லைப் பற்றி அவர்களுக்குள் எழுந்த இந்த வேறுபாடு இன்றும் முடிந்துவிடவில்லை. உங்கள் பாட்டுப்படத்திலும் அது தலைகாட்டும். எவ்வாறு என்பதைப் பின்னர் சொல்கிறேன்.

நம் வட்டாரத்துக் கலைகளை எடுத்துக்கொள்ளுங்கள். செஞ்சிப் பக்கத்திலும் திண்டிவனத்துப் பக்கத்திலும் விடிய விடிய நடைபெறும் தெருக்கூத்தில் கட்டியக்காரனின் வேலை என்ன? அவன் கதைக்குள்ளும் நிற்பான், கூட்டத்திற்குள்ளும் நிற்பான். கூட்டம் தூங்கி வழிந்தால் அதைக் கண்டுகொண்டு ஒரு நகைச்சுவையை எடுத்து விடுவான். ஊரில் அன்று நடந்த செய்தியைப் பாரதக் கதைக்குள் நுழைத்து விடுவான். கூட்டம் எங்கே சிரிக்கிறது, எங்கே கண் கலங்குகிறது என்று பார்த்தே கூத்தர்கள் ஒரு பாட்டை நீட்டுவதும் குறைப்பதும் செய்வர். இதைவிடச் சிறந்த மக்கள் கருத்துக் கேட்பு எந்த நூலிலும் இல்லை.

ஆனால் அக்கூத்து நடந்த களரியில் நம் முன்னோர் எங்கே நின்றார்கள் என்பதையும் மறக்கலாகாது. பல ஊர்களில் அவர்கள் தள்ளியே நின்றார்கள். நம் மாவட்டத்து மேல்பாதியில் திரௌபதி அம்மன் கோயிலுக்குள் நம்மவர் செல்வதைத் தடுத்ததால் எழுந்த பூசலில், 2023 ஜூன் மாதம் அக்கோயிலையே அதிகாரிகள் பூட்டி முத்திரையிட நேர்ந்தது. அவையில் உட்கார இடம் இல்லாதவனுடைய கருத்தை யார் கேட்பார்கள்? ஆகவேதான் நாம் எடுக்கும் படத்தின் முதல் அவை நம் தெருவாக இருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துகிறேன். ஆண்டாண்டுக் காலமாகக் கடைசி வரிசையில் நிறுத்தப்பட்டவர்களுக்கு முதல் வரிசையில் பாய் விரித்துப் போடுங்கள்.

பிற இடங்களில் இத்தகைய முயற்சிகள் நடந்திருக்கின்றனவா என்று கேட்பீர்கள். இரண்டு சான்றுகள் கூறுகிறேன்.

தெலங்கானாவில் சாகிராபாத்திற்கு அருகே பஸ்தாபூர் என்னும் சிற்றூர் உள்ளது. அங்கே டெக்கான் வளர்ச்சிச் சங்கத்தைச் சேர்ந்த தலித் பெண்கள், பெரும்பாலோர் பள்ளிக்கூடம் காணாத உழவுக் கூலிகள், கேமரா பிடிக்கக் கற்றுத் தங்கள் ஊரைப் பற்றித் தாங்களே படமெடுத்தனர். கேமராக் கோணங்களுக்கு அவர்கள் தம் வாழ்க்கையிலிருந்தே பெயர் வைத்தனர். மேலிருந்து கீழே பார்க்கும் கோணத்திற்குப் 'பட்டேல் கோணம்' என்று பெயர். நிலக்கிழார் அப்படித்தானே கூலியாளைப் பார்க்கிறார்! கீழிருந்து அண்ணாந்து பார்ப்பது அடிமையின் கோணம். கண்ணுக்குக் கண் நேராகப் பார்க்கும் கோணத்திற்குச் 'சங்கக் கோணம்' என்று பெயரிட்டனர். சங்கத்தில் எல்லோரும் சமமாக உட்காருகிறார்கள் அல்லவா! எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் படத்தைப் பற்றி என்ன சொல்லிவிடப் போகிறார்கள் என்று எண்ணும் படித்த பிள்ளைகள் இதை மனத்தில் இருத்த வேண்டும். முக்காலியில் கேமராவைப் பொருத்துமுன், 'நான் இப்போது எந்தக் கோணத்தில் என் பாட்டியைப் பார்க்கிறேன்?' என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாவது சான்று கனடா நாட்டைச் சேர்ந்தது. நியூபவுண்டுலாந்தை ஒட்டி ஃபோகோ என்ற மீனவர் தீவு இருக்கிறது. மீன்பிடி தொழில் நலிந்ததால் அம்மக்களை வேறிடங்களுக்குக் குடிபெயர்க்கும் எண்ணம் அரசுக்கு இருந்தது. 1967-இல் காலின் லோ என்ற இயக்குநர் அங்கு சென்று, அம்மக்கள் பேசுவதைச் சிறு சிறு படங்களாக எடுத்தார். எடுத்தவற்றை முதலில் அத்தீவு மக்களுக்கே திரையிட்டுக் காட்டினார். அவர்கள் இசைந்த பிறகே வெளியே காட்டினார். ஒருவரையொருவர் திரையில் பார்த்தபோது, தம் துன்பம் தமக்கு மட்டும் உரியதன்று என்பதை அம்மக்கள் கண்டுகொண்டனர். அரசினர் அப்படங்களைப் பார்த்தனர். அவர்கள் சொன்ன மறுமொழியும் படமாக்கப்பட்டுத் தீவு மக்களுக்குக் காட்டப்பட்டது. பின்னர் அவர்கள் கூட்டுறவுச் சங்கம் அமைத்தனர். தீவு காலி செய்யப்படவில்லை. படம் மட்டுமே இதைச் சாதித்தது என்று நான் கூற மாட்டேன். படத்தைப் பார்த்து மக்கள் தம்முள் பேசிக்கொண்டது பெரும்பங்கு ஆற்றியது.

இதிலிருந்து ஒரு நெறியை வகுத்துக்கொள்ளலாம். யாருடைய முகம் படத்தில் வருகிறதோ அவர் இசைவின்றி அப்படம் வெளியே போகலாகாது. 1978 ஜூலையில் விழுப்புரத்தில் நம்மவர் பன்னிருவர் கொல்லப்பட்டனர். அக்கொடுமையைப் பாட்டில் ஓர் அடியாக வைக்க உங்களில் யாரேனும் விரும்பினால், அது உங்கள் உரிமையே. ஆனால் இழந்த வீட்டார் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். ஊரார் கைதட்டுமுன் அவர்கள் அதைப் பார்க்க வேண்டும். அவர்கள் வேண்டாம் என்றால் அந்த அடி வேண்டாம்.

இனி, கேட்கும் முறைக்கு வருகிறேன். முதலில் படமில்லாமல் பாட்டை மட்டும் போட்டுக் காட்டுங்கள். எந்தச் சொல் காதில் விழவில்லை, எது விளங்கவில்லை என்பது அப்போதே தெரிந்துவிடும். கரும்பு வெட்டுபவரும் மரக்காணத்து உப்பளத்தில் வேலை செய்பவரும் தாம் கையாளும் கருவிக்கு வைத்திருக்கும் சொல் ஒன்றாகவும், நீங்கள் அகராதி பார்த்து எழுதிய சொல் வேறாகவும் இருக்கும். அவர்கள் சொல்லை எழுதிக்கொள்ளுங்கள். புதுவைப் பல்கலைக் கழகத்தில் நாடகப் பேராசிரியராக விளங்கி 2016-இல் மறைந்த கே. ஏ. குணசேகரன் அவர்கள், ஊர் மக்கள் வாயில் வழங்கிய பாட்டுகளை எடுத்தே தம் 'தன்னானே' குழுவின் மேடைக்குக் கொண்டு வந்தார். மக்களிடம் பெற்றதை மக்களிடமே கூர்மையாக்கித் திருப்பிக் கொடுத்தார்.

பிறகு, முழுதும் முடியாத நிலையிலேயே படத்தைக் காட்டுங்கள். முடித்து மெருகேற்றிய பின் காட்டினால், பார்ப்பவர்க்குக் குறை சொல்ல மனம் வராது. உங்களுக்கும் மாற்ற மனம் வராது. வேலை முடிந்து குளித்துச் சாப்பிட்ட பின், மாலை நேரத்தில் காட்டுங்கள். எல்லோரையும் ஒரே கூட்டமாக உட்கார வைத்தால் நான்கு ஆண்கள் மட்டுமே பேசுவார்கள். தாய்மார்களுக்குத் தனியே, சிறுவர்களுக்குத் தனியே, முதியோர்க்குத் தனியே காட்டுங்கள். நம் தெருவை அறியாத சில கல்லூரித் தோழர்களுக்கும் காட்டுங்கள். நமக்கு விளங்குவது பிறர்க்கு விளங்குகிறதா என்பது அங்கேதான் தெரியும். 'இந்தக் கருத்தைச் சொல்லத்தான் இப்படி எடுத்தோம்' என்று முன்னுரை கூறாதீர்கள். படத்தோடு நீங்கள் வீடு வீடாகப் போகப் போவதில்லை. படம் தானே பேச வேண்டும்.

படம் ஓடும்போது ஒருவர் திரையைப் பார்க்காமல் பார்ப்பவர் முகங்களைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். எந்த நொடியில் பக்கத்து ஆளோடு பேச்சுத் தொடங்கியது, எங்கே ஓர் அம்மா முந்தானையால் வாயைப் பொத்தினார் என்று குறித்துக்கொள்ள வேண்டும். முடிந்ததும் 'நன்றாக இருக்கிறதா?' என்று கேட்காதீர்கள். பெற்ற பிள்ளை கேட்டால் எந்தத் தாய்தான் நன்றாக இல்லை என்பாள்! 'என்ன பார்த்தீர்கள்? எது நினைவில் நிற்கிறது? எங்கே சலிப்புத் தட்டியது? இது யாருடைய கதை?' என்று கேளுங்கள். விடை வரும்போது குறுக்கே பேசி உங்கள் தரப்பை நிலைநாட்ட முயலாதீர்கள். வழக்காடுவது அப்போது உங்கள் வேலையன்று, எழுதிக்கொள்வதே வேலை.

வந்த கருத்துகளை வகைப்படுத்த வேண்டும். சொல் கேட்கவில்லை, முகம் இருட்டாக இருக்கிறது, கதை விளங்கவில்லை என்பவை ஒருவகை. இவற்றை மறுபேச்சின்றித் திருத்துங்கள். நீளம் மிகுதி, பாட்டு இழுக்கிறது என்பவை சுவையைப் பற்றியவை. பலர் ஒரே இடத்தைச் சுட்டினால் திருத்துங்கள்; ஒருவர் மட்டும் சொன்னால் எண்ணிப் பாருங்கள். மூன்றாவது வகை மானத்தைப் பற்றியது. 'என்னை ஏன் இப்படிக் காட்டினாய்?' என்று ஒருவர் கேட்டுவிட்டால், படத்தை நிறுத்தி வைத்துவிட்டு அவரோடு உட்கார்ந்து பேசுங்கள். மற்ற இரண்டையும் கணினியில் திருத்திவிடலாம். இதைத் திண்ணையில்தான் திருத்த முடியும்.

இப்போது முன்னர்ச் சொல்லிவைத்த செய்திக்கு வருகிறேன். நம் மாணவர்களின் திட்டத்தில் பறை முதன்மையான இடம் பெற்றிருக்கிறது. அதில் வியப்பில்லை. தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்தின் கருப்பொருளிலும் பறையை வைத்துப் பேசுகிறது. 2018 ஜனவரியில் இயக்குநர் பா. இரஞ்சித்தும் இசையமைப்பாளர் தென்மாவும் முன்னின்று சென்னையில் அரங்கேற்றிய 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவில் பறையும் கானாவும் கிதாரோடு ஒரே மேடையில் ஒலித்தன. அக்குழுவின் பெயரே பண்டிதர் அயோத்திதாசரின் 'சாதியற்ற தமிழர்' என்ற கருத்திலிருந்து பிறந்தது. இன்று கல்லூரி விழாக்களில் பெண்களும் பறையடித்து ஆடுகிறார்கள். இளைஞர்க்குப் பறை என்பது விடுதலையின் ஒலி.

ஆனால் இப்படத்தை நீங்கள் தெருவில் காட்டும்போது ஒரு பெரியவர் எழுந்து, 'தம்பி, இழவு வீட்டில் அடிக்கமாட்டேன் என்று சொன்னதற்காக உதை வாங்கினோம். உன் கையில் புத்தகம் இருக்க வேண்டும் என்றுதான் அதைப் பரணில் போட்டோம். நீ அதை மறுபடியும் எடுத்து வந்து எல்லோருக்கும் காட்டுகிறாயே' என்று கேட்டால், என்ன விடை சொல்வீர்கள்? இக்கேள்வி வரும். வரவேண்டும். தமிழகத்தின் பல ஊர்களில் சாவுக்குப் பறையடிக்க மறுத்ததே நம்மவர் நடத்திய முதல் உரிமைப் போராட்டம். அப்பெரியவர் பழைமைவாதி அல்லர். அவரும் ஒரு போராளி.

'பெரியவர் சொல்கிறார், பறையை எடுத்துவிடுவோம்' என்பது ஒரு விடை. 'அவருக்கு இந்தக் காலத்துக் கலை புரியாது' என்று ஒதுக்கிவிட்டுப் போவது இன்னொரு விடை. முன்னது பணிவு போல் தோன்றும் கோழைத்தனம். பின்னது துணிவு போல் தோன்றும் செருக்கு. சீனிவாசனாரையும் பண்டிதரையும் எண்ணிப் பாருங்கள். கேள்வி பறையைப் பற்றியதன்று. யார் அடிக்கிறார், யாருக்காக அடிக்கிறார், மறுக்கும் உரிமை அவருக்கு இருக்கிறதா என்பதைப் பற்றியது. உங்கள் படத்தில் பறை எந்தக் காட்சியில் வருகிறது என்று மீண்டும் பாருங்கள். பிறர் வீட்டு வாசலில் கைகட்டி நின்று அடிக்கும் காட்சியாக இருந்தால், அதை அழகு என்று கருதி வைத்தீர்களா, கண்டனமாக வைத்தீர்களா என்பது காண்போர்க்குத் தெளிவாக விளங்க வேண்டும். நம் மன்றத்தில் நம் பிள்ளைகள் வைக்கோல் தீயில் தோலைக் காய்ச்சித் தம் விருப்பத்தால் அடிக்கும் காட்சியாக இருந்தால், அதற்கு முன் அந்தப் பெரியவரைக் கேமராவின் முன் அமர்த்துங்கள், சங்கக் கோணத்தில். 'நான் அடிக்கமாட்டேன் என்றேன்' என்று அவர் தம் வாயால் சொல்லட்டும். அதன் பிறகு பறை ஒலிக்கட்டும். அந்த மறுப்பின் மேல் நின்று ஒலிக்கும்போதுதான் அதன் பொருள் முழுமை பெறும். கருத்துக் கேட்டதால் படம் சிதையவில்லை. பாட்டுக்கு ஒரு சரணம் கூடியிருக்கிறது.

கேட்பதெல்லாம் ஏற்பதற்கென்று நினைக்க வேண்டாம். 'பெண் பிள்ளைகளை ஆடவிட வேண்டாம்', 'அருந்ததியர் தெருவை இதில் சேர்க்க வேண்டாம்', 'அண்ணல் படம் இருந்தால் வேறு சாதியார் பார்க்கமாட்டார்கள், எடுத்துவிடு' என்றெல்லாமும் கருத்துகள் வரும். பொறுமையாகக் கேளுங்கள், பணிவாக மறுத்துவிடுங்கள். மராட்டியத்தில் 1930-களில் அம்பேத்கரிய ஜல்சாக் குழுவினர் ஊர் ஊராகச் சென்று மக்களுக்குப் பழகிய தமாஷா மெட்டுகளில் பாடினர். மக்கள் சுவைக்கேற்ப மெட்டை எடுத்துக்கொண்டார்கள், கொள்கையை மாற்றிக்கொள்ளவில்லை. மெட்டில் விட்டுக்கொடுக்கலாம்; சமத்துவத்தில் விட்டுக்கொடுக்கலாகாது.

வெளியிட்ட பின்னும் கேட்பது முடிந்துவிடாது. எத்தனை ஆயிரம் பேர் பார்த்தார்கள் என்ற எண்ணிக்கை மட்டும் மக்கள் கருத்தாகிவிடாது. வசை எழுதுவோர் சிலரும் வருவர். அவற்றைப் படித்துப் பெண் பிள்ளைகள் மனம் நோகாதபடி மூத்த மாணவர் இருவர் முன்னின்று பார்த்துக்கொள்ள வேண்டும். நியாயமான குறை வந்தால் அடுத்த படத்திற்குக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

பெயர்களைப் பற்றியும் ஒரு சொல். 2021 மார்ச்சில் வெளிவந்த 'என்ஜாய் என்ஜாமி' உலகெங்கும் பரவியது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய தம் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்வை நினைந்தே அறிவு அப்பாடலின் சொற்களை எழுதினார். அப்பாட்டியும் படத்தில் தோன்றினார். அவ்வாண்டு ஆகஸ்டில் ஓர் இசை இதழின் அட்டையில் பாடகி தீயின் படம் வந்து அறிவின் படம் இடம்பெறாதபோது, பா. இரஞ்சித் முதலானோர் வெளிப்படையாகக் கேள்வி எழுப்பினர். பின்னர் அவ்விதழ் தன் மின்பதிப்பின் அட்டையில் அறிவின் படத்தை வெளியிட்டது. கேட்பவர்களும் பார்ப்பவர்களும் வாய் திறந்தால் விடுபட்ட பெயர் திரும்ப வரும் என்பதற்கு இது சான்று. நம் படத்திலோ யாரும் கேள்வி எழுப்ப வேண்டிய நிலையே வரலாகாது. ஒப்பாரி மெட்டைச் சொல்லிக்கொடுத்த பாட்டியின் பெயர், பறைக்குத் தோல் கட்டியவர் பெயர், படப்பிடிப்பின்போது சோறு பொங்கியவர் பெயர், படத்தைப் பார்த்துக் குறை சொல்லித் திருத்தியவர்கள் பெயர் அனைத்தும் அவரவர் விருப்பத்தோடு திரையில் வரட்டும்.

இறுதியாகப் பெரியோர்களுக்கும் தாய்மார்களுக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளைகள் படத்தோடு உங்கள் தெருவிற்கு வரும்போது, கைதட்டி அனுப்பிவிடாதீர்கள். உட்கார்ந்து பாருங்கள், பிடிக்காததைப் பிடிக்கவில்லை என்று சொல்லுங்கள். இச்சங்கம் அவர்களுக்குப் புத்தகம் வாங்கிக் கொடுத்தது, விடுதிக் கட்டணம் கட்டியது. அவற்றோடு உங்கள் நினைவையும் உங்கள் மறுப்பையும் அவர்களுக்குக் கொடுங்கள். மாணவச் செல்வங்களே, அவர்கள் பேசும்போது செல்பேசியைக் கீழே வைத்துவிட்டு அவர்கள் முகத்தைப் பாருங்கள். உங்கள் படம் உலகமெல்லாம் சுற்றி வரட்டும். அதற்கு முன் நம் தெருவில் அது தலைநிமிர்ந்து நிற்கட்டும்.